எழுந்திருக்காத பூனை

என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்க வந்ததை நேராகக் கேட்க மாட்டார்கள். சுற்றி வளைத்துத்தான் வருவார்கள். அதில் பல் டாக்டர் கைதேர்ந்தவர். பக்கத்துக் கட்டிடத்தில்தான் அவருடைய கிளினிக். மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்து வெள்ளைக் கோட்டோடு வந்து, கவுண்டரில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பார்.

"கன்சோலைத் திறந்தாச்சுன்னா அதுல என்னென்ன பண்ணலாம்மா?"

"வேற நாட்டு டிஸ்க் ஓடும் டாக்டர். யாராவது வீட்ல உக்காந்து சொந்தமா எழுதின கேம் ஓடும். நீங்க வாங்கின டிஸ்க் கீறிப்போச்சுன்னா, அதோட நகல் ஓடும்."

"வாங்காத டிஸ்க்கோட நகல்?"

"அதுவும் ஓடும். ஆனா அதை நான் ஏத்தித் தர மாட்டேன்."

"சேச்சே, சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்" என்று அசடு வழிவார். மறுவாரமும் அதையே தெரிந்துகொள்ள வருவார்.

கேம் கன்சோல் என்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கி, உங்கள் டிவிக்குக் கீழே வைத்து, தூசி தட்டிப் பராமரிக்கிற பொருள். ஆனால் அதில் எது ஓடலாம், எந்த நாட்டில் விற்ற டிஸ்க் ஓடலாம் என்பதை எங்கோ இருக்கிற ஒரு கம்பெனி முடிவு செய்து உள்ளே பூட்டு போட்டு வைத்திருக்கும். நாலு திருகாணியைக் கழற்றி, நகக்கண் அளவு சிப் ஒன்றைப் பற்றவைத்து அந்தப் பூட்டைத் திறந்து விடுவதுதான் என் தொழில். டாக்டருடைய கன்சோலுக்கும் நான்தான் சிப் வைத்துக் கொடுத்தேன். திருட்டு கேம் மட்டும் ஏற்ற மாட்டேன். ரொம்ப நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். என் தம்பி கேம் எழுதிப் பிழைக்கிறவன். அவன் வயிற்றில் அடிக்கிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு, அதுவும் கையால்.

தம்பி இந்தப் பைத்தியத்தில் விழுந்ததே என் மேஜையில்தான். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஒரு கன்சோலை அவனுக்குத் திறந்து கொடுத்தேன். அதில் அவனே எழுதிய முதல் சங்கதியை ஓட்டினான். திரையில் ஒரு மீன். இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போகும், விளிம்பில் முட்டும், திரும்பத் தெரியாமல் அங்கேயே வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான். அதற்கே தரையில் கால் பாவாமல் திரிந்தான். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினான்.

அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "மீன் நல்லா இருக்குடா. ஆனா மங்கலா இருக்கு" என்றாள்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்களை உயர நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் சும்மா இருக்காது. ஜன்னல் திரைக்கு இரண்டு துணி காட்டினால்கூட, "இது தெளிவா, அது தெளிவா?" என்று தன்னையே கேட்டுக்கொள்வாள்.

வருஷக்கணக்காக உட்கார்ந்து தம்பி ஒரு முழு கேம் எழுதி முடித்தான். ஒரு பூனை. ஒரு பெரிய வீடு. பூனை பின்னாலேயே நாம் அறை அறையாகப் போக வேண்டும், காணாமல் போன பொருள்களைத் தேடி எடுக்க வேண்டும், கடைசியில் மாடிக்கோடியில் இருக்கிற அறைக் கதவைத் திறக்க வேண்டும். கேம் விற்பனைக்கு வந்த அன்றே முதல் டிஸ்க்கைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தான். பெட்டி மேல் கோணல் கையெழுத்தில் 'அம்மாவுக்கு, முதல் பிரதி' என்று எழுதியிருந்தான். என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனான்.

"அக்கா, கடைசி ரூம்ல அம்மாவுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன். நீ சொல்லித் தொலைச்சிடாதே. அவளே போய்ப் பாக்கட்டும்."

"என்ன வச்சிருக்க?"

"உன்கிட்ட சொல்லுவேனா?"

மறுநாள் மத்தியானம் அம்மா என் கடைக்கு வந்தாள். பல் டாக்டருக்குப் பின்னால், வாடிக்கையாளர் மாதிரி வரிசையில் நின்றாள். நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். டாக்டர் போகும்வரை பொறுத்திருந்து, பைக்குள்ளிருந்து துண்டில் சுற்றிய கன்சோலை எடுத்து வைத்தாள்.

"அவன் குடுத்த டிஸ்க் இதுல ஓடலடி. இந்த ஊருக்கு உரியதில்லைன்னு ஏதோ காட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கன்சோல் வேறொரு நாட்டிலிருந்து பெரியம்மா அனுப்பியது. அங்கே விற்கிற டிஸ்க்குகள்தான் அதில் ஓடும். ஒரு வீட்டையே ஓடு ஓடாகக் கட்டத் தெரிந்தவனுக்கு, அம்மா வீட்டு டிவிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கத் தெரியவில்லை.

"அவன்கிட்ட சொல்லி வேற வாங்கித் தரச் சொல்லேன்."

"ஆசையா கொண்டாந்து குடுத்தான். ஓடலைன்னா முகம் சுருங்கிடும். நீ திறந்து குடு. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

திறந்து கொடுத்தேன். டிஸ்க் ஓடியது. அம்மா ஆட ஆரம்பித்தாள்.

எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, சோபா நுனியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, லென்ஸ் பெட்டியைக் கையாளுகிற பக்குவத்தோடு கண்ட்ரோலரைப் பிடிப்பாள். தொலைந்த சாவி, தொலைந்த பொத்தான், தொலைந்த குடை எல்லாவற்றையும் கண்டுபிடித்தாள். மாடிக்கோடிக்கும் வந்து சேர்ந்தாள். அங்கே வந்ததும் பூனை கதவை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

"எந்திரிக்க மாட்டேங்குதுடி" என்றாள்.

பால் வைத்துப் பார்த்தாள். பந்து உருட்டிப் பார்த்தாள். கீழே போய் எல்லா அறையிலும் விளக்கை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். ஒருநாள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னையும் சும்மா இருக்கச் சொன்னாள். "பாவம், அலைஞ்சு அலைஞ்சு அசந்து போயிருக்கு. கொஞ்சம் தூங்கட்டும்."

"தம்பியைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவானேம்மா."

"வேண்டாம். புள்ளை எழுதினது அம்மாவுக்குப் புரியலைன்னு ஆயிடும்."

தனி வீட்டில் இருக்கிற தம்பியோ எனக்கு ஃபோன் போட்டு உயிரை எடுத்தான். அம்மா முடித்துவிட்டாளா, எந்த அறையில் இருக்கிறாள், முகம் எப்படி இருந்தது. "இன்னும் முடிக்கல" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஊர்ல பாதிப் பேர் முடிச்சுட்டாங்கக்கா. அம்மா டிஸ்க்கைப் பெட்டிலேந்து எடுத்திருக்கவே மாட்டா. எனக்காகச் சும்மா ஆடறேங்கறா. அவளுக்காகத்தான் அந்த ரூமையே கட்டினேன்."

எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அதை வெளியே காட்டுகிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது என்பதால், "ஃபோனை வை, கடையில ஆள் நிக்குது" என்றேன். நிஜமாகவே ஆள் நின்றது. பல் டாக்டர்.

"நீங்க வச்ச சிப்புல ஏதோ கோளாறும்மா. ஒரு பூனை கேம். கடைசிக் கதவுகிட்ட படுத்துட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது."

"டிஸ்க்கைக் கொண்டாங்க, பாக்கறேன்."

டாக்டர் திருதிருவென்று முழித்தார். டிஸ்க் எங்கே இருக்கிறது? தெரிந்தவர் ஒருவர் ஏற்றிக் கொடுத்த நகல். "நோயாளி காத்திருக்காங்க" என்று நழுவினார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். இரண்டு வீட்டில் ஒரே இடத்தில் பூனை படுத்துவிட்டது என்றால் தம்பி கணக்கில் எங்கோ கோட்டை விட்டிருக்கிறான். உடனே அவனைக் கூப்பிட்டு, பல் டாக்டர் வீட்டுப் பூனை எழுந்திருக்கவில்லை என்றேன். அம்மா பெயரை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று அவள் உத்தரவு.

அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு. இருமல் வரும்வரை சிரித்தான். "ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து சொல்றேன். உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் அவனை ஓட்டத் தயாராக உட்கார்ந்தேன், அவனும் என்னை ஓட்டத் தயாராக உட்கார்ந்தான். அவன் முந்திக்கொண்டான்.

"அது கோளாறு இல்லக்கா, பொறி! உள்ளே ஒரு சின்ன சோதனை வச்சிருக்கேன். கன்சோல் திறந்த கன்சோல்னு தெரிஞ்சா, பூனை கதவுகிட்ட படுத்துக்கும். எந்திரிக்கவே எந்திரிக்காது. திருட்டு கேம் ஆடறவன் எல்லாம் அவனவனே வந்து 'பூனை எந்திரிக்கல'ன்னு புகார் குடுக்கறான். கையும் களவுமா மாட்டறான்!"

ஃபோனை எடுத்து, இணையத்தில் வந்த புகார்களை நடித்துக் காட்டிப் படித்தான். அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"அப்போ பூனை எந்திரிக்கலைன்னா திருடங்களா?"

"திருடங்கதான்மா. வேற யாரு?"

அம்மா எழுந்து உள்ளே போனாள். அந்த டிஸ்க் பெட்டியைக் கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கோணல் கையெழுத்து மேலே தெரிகிற மாதிரி வைத்தாள்.

"இதைக் குடுத்தது நீதானே?"

தம்பி பெட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அப்புறம் டிவிக்குக் கீழே முதல் தடவையாகக் குனிந்து பார்த்தான்.

"பெரியம்மா அனுப்பினதா இது?" பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ திறந்தியா?"

"ஆமா. உன் மீன் எந்த மெஷின்ல நீந்துச்சு? அதைத் திறந்தது யாரு?"

அவனுடைய சோதனை கன்சோல் திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எதற்காகத் திறந்தார்கள் என்று அதற்குத் தெரியாது. அம்மாவும் பல் டாக்டரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். திறந்த கன்சோலில் தொழில் கற்றுக்கொண்டவன் எழுதின சோதனை அது, வேறு யாரோ எழுதியிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

"இத்தனை நாளா அந்தப் பூனைக்குப் பால் வச்சியாம்மா?" என்றான்.

"பந்தும் உருட்டினேன்."

"என் வீட்டு மெஷினை இப்பவே கொண்டு வரேன். அதுல எந்திரிக்கும்."

"வேண்டாம். என் பூனை இதுலதான் இருக்கு."

"அப்போ அந்தச் சோதனையையே எடுக்கணும்மா. எடுத்தா டாக்டருக்கும் திறக்கும். எல்லாத் திருடனுக்கும் திறக்கும். வாங்கினவங்களைவிடத் திருடினவங்கதான் அதிகம், தெரியுமா? எத்தனை வருஷம் உழைச்சிருக்கேன்!"

அதில் பொய் இல்லை. அவன் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் அவனைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

"தெரியும்டா" என்றாள் அம்மா. "எங்க கடைக்கு தினம் வர்றாங்க. ஓசியில கண்ணை டெஸ்ட் பண்ணிக்கிட்டு, நம்பரை எழுதி வாங்கிக்கிட்டு, வேற கடையில போய்க் கண்ணாடி வாங்கறவங்க. எனக்கு மட்டும் வயிறு எரியாதா? அதுக்காக வர்றவங்க எல்லாருக்கும் மங்கலான லென்ஸைப் போட்டா அனுப்பறேன்?"

தம்பி சாப்பாட்டை முடிக்காமல் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரமே சோதனையை நீக்கி, கேமைப் புதுப்பித்து வெளியிட்டான். எனக்குத் தனியாக அனுப்பியதில், 'அம்மா மெஷின்ல ஏத்திடு, ஆனா நான் வர்றவரைக்கும் ஆட வேண்டாம்னு சொல்லு' என்று எழுதியிருந்தான். ஏற்றினேன். அம்மா அந்த வாரம் முழுக்கக் கண்ட்ரோலரைத் தொடவில்லை.

திருட்டு நகல்கள் அதற்குள் தாங்களாகவே புதுப்பித்துக்கொண்டுவிட்டன. பல் டாக்டர் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். "சரியாயிடுச்சும்மா! நீங்க என்னமோ பண்ணிட்டீங்க!"

"பண்ணினேன் டாக்டர்" என்று சொல்லி, அலமாரியிலிருந்து தம்பியின் டிஸ்க் ஒன்றை எடுத்து, பில் போட்டு நீட்டினேன். "பூனையை எழுப்பின கூலி." பிறத்தியார் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிற மனிதருக்கு வாய் அடைத்துப்போனது. பணத்தை எடுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அம்மா சோபா நுனியில் உட்கார்ந்தாள். அவன் உட்காரவில்லை, அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டான். மாடிக்கோடியில் பூனை படுத்திருந்தது. அம்மா பழக்க தோஷத்தில் பாலை வைத்தாள். பூனை தலையைத் தூக்கியது. முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. எழுந்து, ஒதுங்கி வழிவிட்டது.

"எந்திரிச்சுடுச்சுடி!" என்று அம்மா என் தொடையில் ஓங்கி அடித்தாள்.

கதவு திறந்தது. உள்ளே சின்ன அறை. ஒரு விளக்கு, ஓர் உயர நாற்காலி, எதிர்ச் சுவரில் கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டை. மேல் வரியில் பெரிய எழுத்து, கீழே வர வர எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. அம்மா தன் கடைக்கு வருகிறவர்கள் படிக்கிற மாதிரியே மேலிருந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் எழுந்துபோய் டிவியில் மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்றாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

'அம்மா, இது தெளிவா இருக்கா?'

அம்மா அசையாமல் நின்றாள். தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா? தெளிவா இருக்கா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். புடவைத் தலைப்பில் துடைத்தாள். போட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் கழற்றினாள்.

"இல்லடா. மங்கலா இருக்கு."

தம்பி பதறிப்போய் டிவி பக்கம் பாய்ந்தான். எழுத்தின் அளவு, திரையின் அமைப்பு என்று ஏதேதோ முணுமுணுத்துக்கொண்டு பொத்தான்களைத் தேடினான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"டிவியில ஒண்ணும் இல்லடா, மண்டு. வந்து உக்காரு."