ஒன்றரை மூட்டை

1

இந்தக் கதை என் உடம்பின் எடையால் வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு இது மேல்.

பிக்கட்டிக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, "நாலு சக்கர பைக் சவாரி" என்று கையால் எழுதிய பலகையைப் பார்த்துக் காரை நிறுத்தினேன். ஒரே ஒரு பைக்தான் நின்றது. பந்தய ரகம், ஒல்லி உடம்பு, ஒருவர் மட்டுமே உட்காரலாம். ஏறி ஓட்டினேன். ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் அடிவரைக்கும் அமுங்கி 'டங்' என்று இடித்தது. பாதி வழியில் திரும்பி வந்து, ஷாக் அப்சார்பரைக் கொஞ்சம் இறுக்கித் தரச் சொன்னேன்.

"முடியாதுங்க," என்றான் வண்டிக்காரன். "அது வேற ஆளுக்கு வெச்சிருக்குதுங்க."

"யாருக்கு?"

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க மூணரை மூட்டை இருப்பீங்க சார்," என்றான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கற்பனை. அந்த "வேற ஆள்" யாரென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. (இறங்கியது. ஆனால் வருத்தத்தோடு இறங்கியது.)

2

முதல் தொடக்கம்: "பச்சை இலையின் விலை வீழ்ந்த அந்த ஆண்டுகளில், நீலகிரியின் சிறு விவசாயிகள் மாற்று வருமானத்துக்கு—"

வேண்டாம். நாளிதழின் நாலாம் பக்கம்.

இரண்டாவது: "மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது."

மலையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் வரியில் மூடுபனியை இறக்கிவிடுகிறார்கள். அதுவும் பாவம், எத்தனை தடவைதான் இறங்கும்.

மூன்றாவது: "ராசு, பைக்கின் சீட்டில் இலை மூட்டையை உட்கார வைத்தான்."

இது நிற்கட்டும்.

3

ராசு, பைக்கின் சீட்டில் இலை மூட்டையை உட்கார வைத்தான்.

காலையில் அவன் மனைவி சாந்தாமணி பறித்த இலை அது. இன்றைக்கு இலை எடுக்க மாட்டோம் என்று ஃபேக்டரியில் சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் வாரத்துக்குப் பாதி நாள் அப்படித்தான். எடுத்த நாளிலும் கிடைத்த விலை, பறித்த கூலிக்குக் காணாது. மூட்டைகள் ரோட்டோரம் கிடந்து சூடேறிச் சிவந்துபோகும்.

குன்னூரில் ஒரு ரிசார்ட்டில் கழித்துக் கட்டிய பைக்கை ராசு வாங்கி வந்திருந்தான். அதன் ஷாக்குகள் செத்துப்போயிருந்தன. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று புது ஷாக்குகளைக் கோயம்புத்தூரில் வாங்கி, பச்சைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறினான். ஸ்பிரிங்கின் தலையில் ஒரு ரிங் இருக்கும். கொக்கி ஸ்பேனரால் அதைத் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும், தளரும். ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்தால், ஷாக் தன் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். அதற்குமேல் அமுங்கினால் அடி தட்டும். அமுங்காவிட்டால் வண்டி ஆளைத் தூக்கி எறியும். கடைக்காரர் சொல்லிக் கொடுத்த பாடம் இது.*

அளந்து பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. சும்மா கிடந்த மூட்டைகளைத் தூக்கி வைத்தான். கீழ்நாட்டிலிருந்து சவாரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று மூட்டை. பின் ஷாக்கை மூன்றுக்கு இறுக்கினான்.

சாந்தாமணி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பறிச்ச எலைக்கு ஃபேக்டரியில எடமில்ல. உங்க சீட்டுல எடமிருக்குதாட்ட."

"சும்மா இரு புள்ள. இதுலதான் இனிப் பொழப்பு."

* திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தனியாக ஒரு திருகும் உண்டு. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். எனக்கே சரியாகப் புரியவில்லை என்பது ஒரு காரணம்.

4

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் பிரதியில் சாந்தாமணிக்கு வேலையே கிடையாது. அடுப்படியில் நின்று இரண்டு தடவை பெருமூச்சு விட்டாள், ஒரு தடவை டீ கொடுத்தாள். என் வீட்டில் படித்துவிட்டு, "இவ எதுக்கு இந்தக் கதையில இருக்கா?" என்றார்கள். சுருக்கென்றது. உடனே அவளுக்கு ஓர் ஆசையைக் கொடுத்தேன். அவளை வண்டியில் ஏற்ற நினைத்தேன்.

அடுப்படியிலேயே விட்டிருந்தால் அவள் கை நன்றாக இருந்திருக்கும். இதை நினைக்காமல் என்னால் அடுத்த பகுதியை எழுத முடியவில்லை.

5

கல்யாணம் ஆன நாள் முதல் அந்தச் சரிவில் தலைச்சுமையோடு இறங்கியவள் அவள். இப்போது யார் யாரோ வந்து, அதே சரிவில் கூச்சல் போட்டுக்கொண்டு பறந்தார்கள். ஆள் இல்லாத நேரத்தில் சமதரையில் ஓட்டிப் பழகிக்கொண்டாள். ராசு அதைத் தடுக்கவில்லை. உள்ளுக்குள் அவனுக்குப் பெருமைதான்.

"ஏனுங்க, எனக்கும் ஒருக்கா செட் பண்ணிக் குடுங்க. நான் சொமந்து எறங்குன எடத்துல ஒருக்காவாவது பறந்து எறங்கோணும்."

"சீசன் முடியட்டும் புள்ள."

சீசன் முடிந்தது. மழை இன்னும் வலுக்காத ஒரு பகல். வண்டி சும்மா நின்றது. அவள் ஏறி உட்கார்ந்தாள். பின் ஷாக் அசையவே இல்லை.

"நான் ஒண்ணரை மூட்டைங்க. மறந்துராதீங்க," என்று சிரித்தாள்.

ஸ்பேனர் அவனுடைய பின்பாக்கெட்டில் இருந்தது. ரிங்கைத் திருப்பி முடிக்க டீ கொதிக்கிற நேரம் போதும். ஆனால் மறுநாள் திருப்பூரிலிருந்து ஒரு கும்பல் வருவதாகச் சொல்லியிருந்தது.

"நாளைக்கு ஆளு வர்றாங்க சாந்தா. மறுபடியும் இறுக்கோணும். ஒருக்காதான, மெதுவாப் போயிட்டு வா."

அவள் மெதுவாகத்தான் போனாள். சரிவு அவளை மெதுவாகப் போகவிடவில்லை. கற்பூர மரத்தின் வேர் பாதையைக் குறுக்கே கடக்கும் இடத்தில், மூன்று மூட்டைக்கு இறுகிய ஸ்பிரிங் ஒன்றரை மூட்டையை ஹேண்டில்பாருக்கு மேலே வீசியது. வலது கையை ஊன்றி விழுந்தாள். வண்டி தேயிலைக்குள் புகுந்து நின்றது. அதன்மேல் ஒரு கீறல் இல்லை.

ராசு ஓடினான். [முதலில் வண்டியிடம் ஓடினான் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவ்வளவு கெட்டவனாக இருந்தால் அவன் பின்னால் இத்தனை வருந்தியிருக்க மாட்டான்.] அவளிடம்தான் ஓடினான். தூக்கும்போது பாக்கெட்டிலிருந்து ஸ்பேனர் நழுவிக் கல்லில் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

6

மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடியது. இலையை இனி ஒரு கையால்தான் பறிக்க முடியும்.

கட்டுப் பிரித்த வாரமே காரமடைக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். சண்டை எதுவும் இல்லை. "கை சரியாகட்டும்," என்றாள். பஸ் ஏறும்போது கேட்டாள்.

"அது உங்க பாக்கெட்டுலதான இருந்துச்சு?"

"ஆமா."

அந்த "ஆமா"வுக்குப் பின்னால் அவன் மனத்தில் ஓடியதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படித்தால் அவனுக்காக நான் வாதாடுவது போலிருந்தது. அவன் வாதாடவில்லை. நின்றான். பஸ் போயிற்று.

வீட்டுக்கு வந்து, மேல்காட்டில் ஏறி, பழக்கமில்லாத கையால் முற்றல் இலையும் கொழுந்துமாகப் பறித்தான். ஒன்றரை மூட்டை சேர மறுநாள் மத்தியானம் ஆயிற்று. சீட்டில் வைத்து, ரிங்கைத் தளர்த்தி, அளந்து, திரும்ப அளந்து, சரியாக மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி வைத்தான். மழையால் தள்ளிப்போயிருந்த திருப்பூர் கும்பல் வந்து 'டங் டங்' என்று இடிபட்டுத் திட்டிவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு அவன் அந்த ரிங்கைத் தொடவில்லை. சவாரிக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். இலைக்கும் விலை இல்லை, வண்டிக்கும் ஆள் இல்லை. பிடிவாதம் சோறு போடாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

7

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. ராசு பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுக்கிறான். ரிங்கைத் திருப்புகிறான். அவள் வேரைத் தாண்டி, கீழே போய், மேலே வந்து, "நல்லாருக்குதுங்க" என்கிறாள். டீ குடிக்கிறார்கள். இதில் கதையே இல்லை. கதை இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று. இலை விலை ஏறுகிறது, அவள் திரும்பி வருகிறாள், வண்டியை விற்று— இது எனக்கே நம்பிக்கை இல்லாததால் பாதியில் நின்றுபோனது.

அவள் வரவே மாட்டாள் என்று ஒன்று. அதை எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். மூன்றரை மூட்டை ஆளுக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது.

8

ஆகவே இது மட்டும் மிச்சம்.

என் கார் கண்ணுக்கு மறைந்த பிறகு ராசு காரமடைக்குப் போன் போட்டான். ஒரு கையில் போன், மறுகையில் ஸ்பேனர்.

"சாந்தா, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"ஊட்டுச் சாப்பாடு இல்லாம எளைச்சிருப்ப. இல்லீன்னா உங்க அண்ணன் ஊட்டுல நல்லாத் தின்னு ஏறியிருப்ப. இப்ப எத்தன மூட்டைன்னு தெரியாம இதைச் சரியா வெக்க முடியல."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.

"எனக்கா வெச்சிருக்கறீங்க?"

"பின்ன யாருக்கு."

"அன்னைக்கு வெச்சிருக்கோணுமுங்க."

"ஆமா சாந்தா. அன்னைக்கு வெச்சிருக்கோணும்."

அவள் போனை வைக்கவில்லை, மூச்சுச் சத்தம் கேட்கிறது.

இங்கே அவள் ஒரு மூட்டைக் கணக்குச் சொல்வதாக இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். சொன்னால் அவள் வரப்போகிறாள். சொல்லாமல் வைத்துவிட்டால் வரமாட்டாள். அவளை வண்டியில் ஏற்றி விழவைத்தவன் நான். அவளுக்காக இதையும் நானே பேசுவது நியாயமில்லை. உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

"______________"

பார்த்து எழுதுங்கள். நீங்கள் எழுதுகிற அளவுக்குத்தான் அவன் ரிங்கைத் திருப்புவான்.