சமையலறையின் இரும்புக் கதவு

வெள்ளரிக்காய்த் துண்டுகள் சுவரெல்லாம் தெறித்தன. தட்டு தையல் இயந்திரத்தின் சக்கரத்தில் மோதித் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று சத்தம் போட்டது. அது அடங்குவதற்குள் அவர் நாற்காலியைத் தூக்கிவிட்டார்.

நாற்காலி ஜன்னலுக்குப் போனது. கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது.

தையற்காரி துணி வெட்டும் மேசைக்குப் பின்னால், கையில் பாதி தைத்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எதிரே நிற்கிற கணவருக்கு எழுபது நெருங்குகிறது. ஆனால் அந்தக் கண்கள் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்த பழைய கண்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகு அவற்றை மறுபடி பார்க்க நேரும் என்று அவள் நினைக்கவில்லை.

அந்தக் காலத்தில் தெருவே அவரைச் சம்மட்டி என்றுதான் கூப்பிடும். கம்பிக் கதவு, ஜன்னல் சட்டம் எல்லாம் அடிக்கிற பட்டறைக்காரர் என்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்தார்கள். வீட்டுக்குள் இருந்தவளுக்குக் காரணம் வேறு. குடிப்பழக்கம் கிடையாது, சீட்டுப் பழக்கம் கிடையாது. கைநீட்டும் பழக்கம்தான் இருந்தது. ஒரு சாயங்காலம் அவள் உதடு கிழிந்து ரத்தம் ஒழுக நின்றபோது, சின்னப் பெண்ணாக இருந்த மகள் இதே மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். மறுநாள் காலையில் கணவரிடம், சமையலறையில் எலித்தொல்லை தாங்கவில்லை, நல்லதாக ஓர் இரும்புக் கதவு அடித்துக் கொடுங்கள் என்று கேட்டாள்.

அவரும் சந்தோஷமாக அடித்துக் கொடுத்தார். கனத்த தகடு, உள்பக்கம் விரல் தடிமனில் தாழ்ப்பாள், கீழே காற்றுக்கு ஓர் உள்ளங்கை நுழையும் இடைவெளி. நகைக்கடைக்கு அடிக்கிற மாதிரி அடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டார். அடுத்த முறை கை ஓங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. மனைவியும் மகளும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார்கள். உள்ளிருந்து ஒரே ஒரு வாக்கியம் வந்தது.

"அடிக்கிற கைக்கு இங்க சோறு கிடையாது."

நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிற உடம்பு, பட்டினியைத் தாங்கவில்லை. சில தடவை கதவுக்கு வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு கை இறங்கிவிட்டது. இறங்கினது இறங்கினதுதான். அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததைக் குடித்தனம் என்று தாராளமாகச் சொல்லலாம். அவளுக்குக் கண் மங்கியபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவர் அவர்தான். பண்டிகைக் காலத்தில் வேலை குவிந்தால் பொத்தான் வைத்தவரும் அவர்தான். தாழ்ப்பாளில் துரு ஏறியது.

இந்த வருடம்தான் எல்லாம் தலைகீழானது, அதுவும் ஒரு நல்ல காரியத்தால்.

பட்டறையை மூடி ஓய்வெடுத்த பிறகு அவருக்கு வயிறு முன்னால் வந்தது, பின்னாலேயே சர்க்கரையும் வந்தது. டாக்டர் காலையும் மாலையும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் மகள், மாத்திரை மட்டும் போதாது என்று களத்தில் இறங்கினாள். காலையில் வேக நடை. வந்ததும் தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்கி இறக்கும் பயிற்சி. தட்டில் பாதிக்குக் காய், ஒரு கைப்பிடி சோறு. வீட்டிலிருந்த இனிப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போனவள், மாத்திரையை மட்டும் ஒருவேளைகூட விடக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கினாள்.

யாரும் எதிர்பாராத விதமாகச் சம்மட்டி பெட்டிப்பாம்பாக அடங்கினார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வயிறு வற்றியது. இடுப்பு வாருக்குத் தானே துளைக்கருவி வைத்துப் புதுத் துளைகள் போட்டார். அடுத்த பரிசோதனை வரை டாக்டரிடம் மூச்சு விடக் கூடாது, நேரே போய் நின்று, ஆள் யாரென்று அவரே திகைக்கட்டும் என்பது மகளின் யோசனை. மூன்று பேரும் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள்.

பிறகு அந்தக் கண்கள் திரும்பி வந்தன. முதலில் சட்டை அளவு கொடுக்க வந்தவரை விரட்டினார். இன்னொரு நாள், வாசலில் வண்டியை நிறுத்திய பக்கத்து வீட்டுக்காரரின் கழுத்துப்பட்டியைப் பிடித்துச் சாக்கடையில் தள்ளினார். அந்த மனிதர் முழங்கால் கிழிந்து எழுந்து வந்தார். மதியம் சாப்பிட்ட பிறகு கணவரோ, நானா தள்ளினேன், எனக்குச் சரியாக நினைவில்லையே என்று சாது மாதிரி கேட்டார். அந்தக் காலத்திலும் அடித்துவிட்டு அவர் சொல்லுகிற வசனம் இதுதான் என்பதால் தையற்காரி நம்பவில்லை. போன வாரம் அவள் கன்னத்தில் விரல்கள் பதிந்தன.

மகள் வந்து தடத்தைப் பார்த்தாள். அம்மாவின் துணிகளை ஒரு பையில் அடுக்கி வெட்டு மேசைக்கு அடியில் வைத்தாள்.

"இன்னொரு தடவை கை நீண்டுச்சுன்னா கிளம்பிடணும்மா. மேசைக்கு அடியில இனிமே நான் உட்கார மாட்டேன். உன் பைதான் உட்காரும்."

தையற்காரி சரி என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த இன்னொரு தடவை இதோ நடந்துகொண்டிருக்கிறது. மேசையைச் சுற்றி வந்தவர் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. கையிலிருந்த சட்டையை அவர் முகத்தில் வீசிவிட்டு, கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டு ஓடினாள். இரும்புக் கதவைச் சாத்தித் துருப்பிடித்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தள்ளினாள். பாதத்திலிருந்து ரத்தம் தரையில் கோடு போட்டிருந்தது. இடுப்பில் செருகியிருந்த கைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். வந்துட்டே இருக்கேன், கதவைத் திறந்துடாதே என்றாள் மகள்.

வெளியே கருவிப் பெட்டி கவிழும் சத்தம் கேட்டது. முதல் அடி விழுந்தது.

சுத்தியல். கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு ஒவ்வோர் அடியும் தண்டுவடத்தில் இறங்கியது. அலமாரியில் பாத்திரங்கள் குதித்தன. அவர் செய்த கதவாயிற்றே, அசையவில்லை.

"அடிக்கிற கைக்கு இங்க சோறு கிடையாது" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். இத்தனை வருடம் கழித்தும் அந்த வாக்கியம் அப்படியே வந்தது. வெளியிலிருந்து வந்த பதில்தான் விநோதமாக இருந்தது.

"யார்ரா அது... பட்டறைய உள்பக்கமா பூட்டினவன்... வெளிய வாடா..."

நாக்கு குழறியது. அதைவிட விநோதம், அடிகள். கண்ணை மூடிக்கொண்டு ஆணியின் தலையில் அடிக்கிறவர் அவர். இப்போது ஓர் அடி கதவில் விழுந்தால் இரண்டு சுவரில் விழுந்தன. ஒன்று தரையில் விழுந்து ஓடு உடைந்தது. கோபம் வந்தால் அவர் குறி இன்னும் கூர்மையாகும், ஒருநாளும் தவறாது. உதட்டுத் தழும்பு அதற்குச் சாட்சி.

கதவின் கீழ் இடைவெளி வழியாக ஒரு கை உள்ளே துழாவி வந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். அந்தக் கை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல நனைந்திருந்தது, வெடவெடவென்று நடுங்கியது. தயங்கித் தயங்கித் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது.

முதன்முதலில் மாத்திரை எழுதியபோது டாக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேர்த்து, கை நடுங்கி, ஆள் சம்பந்தமில்லாமல் பேசினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே இனிப்பு கொடுங்கள் என்றிருந்தார். இவர் உடம்பில் சர்க்கரை இறங்குவதாவது என்று வீட்டுக்கு வந்து மூவரும் சிரித்தார்கள்.

பழைய கோபம் சாயங்காலம் வரும். இது எப்போதும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வருகிறது. நடந்து, பளு தூக்கி, கால் வயிறு சாப்பிட்டு, பழைய கணக்குக்கு மாத்திரையும் போட்ட பிறகு வருகிறது. சாப்பிட்டதும் போய்விடுகிறது. அவளோ இப்போது சோற்றை உள்ளே வைத்துத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எழுந்தாள். மகள் சர்க்கரை டப்பாவைக் கொண்டுபோய்விட்டாள். ஆனால் டீ குடிக்காமல் தையல் ஓடாது என்பதால், பருப்பு டப்பாவுக்குள் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை ஒளித்து வைத்திருந்தாள். அவசரமாக ஒரு பிடி எடுத்து அந்த ஈரக் கையில் வைத்தாள். கை மூடத் தெரியாமல் தரையில் கொட்டியது. பிறகு கையே காணாமல் போனது. அடி மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாக.

திறந்தால் சுத்தியல். திறக்காவிட்டால் அவர் இருக்க மாட்டார். மகள் வருவதற்குள் எதுவும் நடக்கலாம். சர்க்கரையைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக்கொண்டே, இந்த ஆளுக்காகவா என்று ஒருமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு தாழ்ப்பாளை இழுத்தாள்.

சுத்தியல் அவள் இடது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் அடித்தது.  மண்டியிட்டு விழுந்தவளின் தலைக்கு மேல் சுத்தியல் மறுபடி எழும்பியது. அவர் முகம் வெளுத்து, கண்கள் அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் பட்டறையில்தான் இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. பட்டறை இருந்த நாளெல்லாம் தூக்குப் பாத்திரத்தில் டீ கொண்டுபோய் வாசலில் நின்று அவள் போடுகிற குரல் ஒன்று உண்டு. அத்தனை சத்தத்திலும் அந்தக் குரலுக்கு எல்லா அடியும் நிற்கும்.

"டீ வந்தாச்சு" என்றாள். அழுகையை விழுங்கிக்கொண்டு, அதே ராகத்தில். "சுத்தியல கீழ வைங்க."

கை தானாக இறங்கியது. சுத்தியலைத் தரையில் படுக்க வைத்தார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, டம்ளருக்காக நீட்டினார்.

ஒற்றைக் கையால் இன்னொரு டம்ளர் கலக்கி அவர் உதட்டில் வைத்தாள். பாதி மார்பில் வழிந்தது. மீதி தொண்டையில் இறங்கியது. இன்னொன்று கொடுத்தாள். கதவில் சாய்ந்து உட்கார்ந்தவரின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஊறியது. கண்கள் வந்து அவள் கையில் நின்றன.

"ஏம்மா, கை ஏன் இப்படி வீங்கியிருக்கு? யாரு அடிச்சா?"

அவள் மணிக்கட்டை மடியில் ஏந்திக்கொண்டாள்.

"யாருன்னு சொல்லு. அவன உண்டு இல்லன்னு ஆக்கிடறேன்" என்று பக்கத்தில் கிடந்த சுத்தியலைத் தேடி எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. சுத்தியலைப் பார்த்தார். அவள் மணிக்கட்டைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் மகள் உள்ளே நுழைந்தாள். உடைந்த ஜன்னல், தரையில் ரத்தம், அப்பா கையில் சுத்தியல். ஒரே பாய்ச்சலில் வந்து அவரைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றிக் கழுத்தைப் பிடித்தாள். சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்த பிடி அது. அவர் தடுக்கவில்லை.

"விடுடி. அவர் இல்ல, மாத்திரை" என்றாள் தாய்.

மருத்துவமனையில் அவளுக்குக் கட்டுப் போட்டார்கள். அவரை ஒரு நாள் படுக்க வைத்து, சர்க்கரை மறுபடி இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் உண்மையிலேயே திகைத்துப்போனார், அவர்கள் திட்டமிட்ட மாதிரி இல்லாவிட்டாலும். நடையும் சாப்பாடும் நன்றாக வேலை செய்திருக்கின்றன, அதனால்தான் பழைய அளவு மாத்திரை விஷமாகிவிட்டது, ஆரம்பித்த அன்றே வந்து சொல்லியிருந்தால் குறைத்திருப்பேனே என்று திட்டினார். மகள் தலை குனிந்து நின்றாள். அந்த மாத்திரையையே நிறுத்தி, வேறொன்றைச் சின்ன அளவில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவர் ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டார். மனைவியின் கூந்தலைத் தப்பும் தவறுமாகப் பின்னிவிட்டார். பின்னிக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

"அப்ப அந்தக் காலத்துல அடிச்சதுக்கும் ஒருவேளை இதுதான் காரணமோ?"

"அந்தக் காலத்துல உங்களுக்குச் சர்க்கரையே கிடையாது. திமிருதான் இருந்துச்சு."

பின்னல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தொடர்ந்தது.

இரும்புக் கதவைக் கழற்றிவிடுகிறேன் என்று திருப்புளியோடு வந்தார். வேண்டாம், இருக்கட்டும், தாழ்ப்பாளுக்கு மட்டும் எண்ணெய் போடுங்கள் என்று சொல்லிவிட்டாள். பருப்பு டப்பாவிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கதவுக்கு வெளியே, தையல் இயந்திரத்தின் மேல் வைத்தாள்.

மறுபடி நடை ஆரம்பித்த காலையில் அவர் சட்டைப் பையில் நாலைந்து மிட்டாய்களைப் போட்டாள். செருப்பை மாட்டியவர், வெட்டு மேசைக்கு அடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தப் பையப் பிரிச்சு அடுக்கலையா?"

"பார்ப்போம்" என்று, கட்டுப் போடாத கையை அவரிடம் நீட்டினாள். "முதல்ல நடங்க."