பாலுக்கும் பாடு

விடியுமுன்னே ஏரிக்காற்று உப்பும் சேற்று வாடையுமாக அடித்தது. இருசம்மாள் முழங்கால்களுக்கு நடுவே வாளியை இடுக்கிக்கொண்டு எருமையின் மடியை நீவினாள். விரல் மூட்டெல்லாம் கடுத்தது. கடலுக்குத் திறக்கும் முகத்துவாரம் தூர்ந்து ஏரியில் மீன் அற்றுப்போனதிலிருந்து அவள் புருஷன் முத்துராஜின் வலை காய்ந்து கிடக்கிறது. வீட்டில் உலை கொதிப்பது இந்த எருமையால்தான். பால் போகாவிட்டால் அதையும் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்.

அவர்கள் ஊரான தோணிரேவின் முனையில் பால் வண்டி நின்றது. பவுடர் கம்பெனிக்குப் பால் எடுக்கும் கங்காதரன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"வெளிநாட்டுல பால் பவுடர் வெல விழுந்துடுச்சு. கப்பல்ல போறது நின்னுபோச்சு. குடோன்ல மூட்டை மூட்டையா தேங்கிக் கெடக்குது. இனிமே பாதிப் பேரு பாலுதான் எடுப்பேன். வெலயும் கம்மி."

பக்கத்து வீட்டு எலிசபெத் கேனோடு முன்னால் வந்தாள்.

"போன வருசம் கப்பல் கப்பலா போச்சே, அப்போ எங்களுக்கு ஏத்திக் குட்த்தியாண்ணா? ஏறினா உனுக்கு, எறங்கினா எங்களுக்கா? இன்னா நாயம் இது?"

"வாய் பேசறவங்க பாலு வோணாம்" என்ற கங்காதரன் இருசம்மாளைப் பார்த்துச் சிரித்தான். "இருசம்மா, நீ கொண்டா. உன் பாலு கெட்டி."

பொய் சொல்வானேன், அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். காலும் முன்னே போய்விட்டது. அப்போதுதான் எலிசபெத்தின் முகம் கண்ணில் பட்டது. இந்த ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களுக்குச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். அடுத்தவன் பாட்டில் வலை போட்டவன் வீட்டில் ஊரே கை நனைக்காது. பசிக்கிற ஊரைப் பிரிப்பது சுலபம் என்று நினைத்தானே, பாவி, அவனுக்கு அது தெரியாது.

இருசம்மாள் கேன் மூடியை அழுத்தி மூடினாள். "எல்லார்துயும் எடு. இல்லன்னா என்துவும் வோணாம்."

"திரிஞ்சுபோவும். நாளைக்கு நீங்களே ஓடியாருவீங்க, பாரு." வண்டி புழுதியை இறைத்துவிட்டுப் போனது.

மாதா கோயில் அண்டாவில் எல்லார் பாலையும் ஒன்றாய் ஊற்றிக் காய்ச்சித் தயிருக்கு உறை ஊற்றினார்கள். பழவேற்காட்டு டீக்கடைகளில் விசாரித்தால், நாளுக்கு இரண்டு கேன்தான் வேண்டுமாம். தயிர் விற்றுக் காசு வர நாளாகும், கடைக்குப் போகும் பாலுக்கோ அன்றன்றே காசு. யார் பால் போவது? சண்டை மூண்டது.

"பாடு வெப்போம்" என்றாள் இருசம்மாள்.

முத்துராஜுக்குச் சிரிப்பு வந்தது. "பொம்பளைங்களுக்கு இன்னாடி பாடு?"

"மீனுக்கு நீங்க வெச்சீங்க. பாலுக்கு நாங்க வெக்கிறோம்."

ஆளுக்கொரு குறி கீறிய கிளிஞ்சல்களைச் சட்டியில் போட்டுக் குலுக்கினார்கள். எலிசபெத்துக்கு முதல் பாடு. இருசம்மாளுடையது சட்டியின் அடியில் கடைசியாகக் கிடந்தது. அவளுக்கு நெஞ்சு எரிந்தது. தானே இழுத்து விட்டுக்கொண்ட வினை, யாரை நோவது?

மறுநாள் விடியலில் கங்காதரனின் வண்டி அவள் வாசலிலேயே நின்று ஹாரன் அடித்தது. கறந்த பால் வாளியில் நுரைத்திருந்தது. கேனோடு பஸ்ஸுக்குக் கிளம்பிய எலிசபெத் அவளைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"இன்னாத்துக்கு நிக்கிற? பஸ்சு போய்டும், போ" என்று அதட்டிவிட்டு இருசம்மாள் வாளியைத் தூக்கினாள். வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய், பாலை அண்டாவில் ஊற்றினாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் வாளிகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.