போனது இரண்டு, வந்தது இரண்டு

என்னை யாரும் தைரியசாலி என்று சொன்னதில்லை. சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். அன்று காலை நான் வேனில் ஏறியதற்குக் காரணம் தண்ணீர்தான். ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் அனுப்பும் பம்ப் ஹவுஸ், சண்டை போடும் இரண்டு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லை என்றார்கள். மோட்டார் மெக்கானிக் என்று ஊரில் மிச்சமிருந்தது நான் ஒருவன்தான்.

நிவாரண அமைப்பில் ஒரு அம்மா இருக்கிறார். இரண்டு தரப்போடும் போனில் பேசுவதுதான் அவர் வேலை. போன் அக்கா என்போம். அவர்தான் கெஞ்சியும் அதட்டியும், மதியம் வரை சுடாமல் இருக்க இரண்டு பக்கமும் சம்மதம் வாங்கியிருந்தார்.

"வெள்ளை வேன், ரெண்டு ஆளு, நீலச் சட்டை, ஹெல்மெட். இப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். போறது ரெண்டுன்னா வர்றதும் ரெண்டுதான். பாவம்னு யாரையும் ஏத்திட்டு வந்துடாதீங்க. போன மாசம் ஒரு வண்டியில ஆள் கூடுதலா இருந்துச்சுன்னு சுட்டுட்டாங்க," என்றார்.

வேன் ஓட்டியது என் மச்சான், மனைவியின் தம்பி. பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது.

"மாமா, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அக்கா என்னைக் கொன்னுடுவா."

"எனக்கு ஆச்சுன்னா பக்கத்துல இருக்கிற உனக்கும் ஆகியிருக்கும். அவளுக்கு அந்த வேலை மிச்சம். ரோட்டைப் பார்த்து ஓட்டு."

பம்ப் ஹவுஸ் கதவைத் திறந்ததும் அழுகல் நாற்றம் அடித்தது. சுவிட்ச் பேனலுக்குப் பின்னால் பம்ப் ஓட்டும் ஆபரேட்டர் கிடந்தார். சண்டை பம்ப் ஹவுஸ் பக்கம் வந்ததும் ஓடிவிட்டார் என்று ஊரே அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. அவர் எங்கேயும் ஓடவில்லை. தொடையில் குண்டுச் சிதறல் பாய்ந்து கால் வீங்கிக் கறுத்திருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. தொட்டித் தண்ணீரைக் குடித்தே உயிரைப் பிடித்து வைத்திருந்தார்.

நான் வேலையைப் பார்த்தேன். மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டரில் கம்பிச் சுருள், அதுதான் காயில், கருகியிருந்தது. ஸ்குரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. புதுக் காயிலை மாட்டி ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் மோட்டார் உறுமியது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"மாமா, இவரை என்ன பண்றது?" என்றான் மச்சான். "பின்னாடி படுக்க வச்சு பைப்பைப் போட்டு மூடிடலாமா?"

"செக்போஸ்ட்ல பின்கதவைத் திறந்து பார்ப்பான். அப்புறம் மூணு பேரும் காலி."

"போன் அக்காகிட்ட சொல்லிட்டு வரலாம்னா இங்க சிக்னலும் இல்லையே."

ஆபரேட்டர் கண்ணை மட்டும் என் மேல் வைத்திருந்தார். அந்தப் பார்வை எனக்கு எரிச்சலாக இருந்தது. வாயைத் திறந்து கேட்டிருந்தாலாவது முடியாது என்று சொல்லியிருப்பேன்.

வண்டியை மச்சான்தான் ஓட்டியாக வேண்டும். டிரைவிங் கற்றுக்கொள் என்று கல்யாணமான நாள் முதல் மனைவி என் உயிரை எடுத்திருக்கிறாள். நான் கேட்டால்தானே. நீலச் சட்டையைக் கழற்றி ஆபரேட்டருக்கு மாட்டினேன், ஹெல்மெட்டையும் வைத்தேன். வெறும் பனியனோடு நின்றேன்.

"போன் அக்காகிட்ட சொல்லி என்னை எடுக்க வழி பண்ணு. உங்க அக்காகிட்ட இப்போதைக்கு எதுவும் சொல்லாதே."

அவன் அழுதுகொண்டே ஓட்டிப் போனான். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். செக்போஸ்டில் ஒருவன் கையை நீட்டி வேனை நிறுத்தினான். முன்னால் குனிந்து பார்த்தான். பின்கதவைத் திறந்து பார்த்தான். பிறகு கையை அசைத்துப் போகச் சொன்னான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனது இரண்டு, வந்தது இரண்டு. இரண்டு தரப்புக் கணக்கிலும் இந்தக் கட்டடத்தில் இப்போது யாருமே இல்லை. இங்கே ஒரு நிழல் ஆடினால் அது எதிரியின் நிழல். இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினேன்.

மதியம் தாண்டியது. சொன்னபடியே சுட ஆரம்பித்தார்கள். கூரை ஓட்டுத் தூள் தலையில் கொட்டியது. மோட்டார் பக்கத்தில் சுருண்டு படுத்திருந்தேன். அந்தச் சத்தம்தான் துணை.

வோல்டேஜ் இறங்கி அதுவும் நின்றுபோனது.

துப்பாக்கிகளும் ஓய்ந்தன. இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று புரிந்தது. தானாக நின்ற மோட்டார் தானாக ஓடாது. நான் அழுத்தினால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும். அழுத்தாவிட்டால் ஆஸ்பத்திரித் தொட்டி பாதிகூட நிறையாது. ஆபரேட்டரின் காலை அறுக்க வேண்டியிருந்தால் டாக்டர்கள் எந்தத் தண்ணீரில் கை கழுவுவார்கள்? இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானே என்று என்னையே திட்டிக்கொண்டேன். தவழ்ந்து போய், வோல்டேஜ் ஏறியதைப் பார்த்து அழுத்தினேன்.

மோட்டார் ஓடியது.

"உள்ள யாருடா அது?" என்று ஒரு பக்கமிருந்து கத்தினார்கள்.

மோட்டாருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. "பம்ப் ஆளா இருக்கும். தண்ணி எங்களுக்கும் வருது, உங்களுக்கும் வருது. விட்டுத் தொலைங்க."

போன் அக்கா மூலமாக மட்டுமே பேசிவந்தவர்கள் என் தலைக்கு மேலே நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு குண்டுக்காகக் காத்திருந்தேன்.

"ஏய், பம்பு," என்று முதல் பக்கத்துக்காரன் மறுபடி கத்தினான். "இனிமே நிக்காம பார்த்துக்கோ."

"சரிங்க," என்றேன். அவனுக்குக் கேட்டிருக்காது.