குயில் பட்டன்

ஆனந்தா டிவியில் இருபத்துநாலு மணி நேரமும் சிரிப்புதான். காலையில் சிரிப்பு யோகா, மதியம் மாமியார் மருமகள் கயிறு இழுக்கும் போட்டி, சாயங்காலம் ஆம்பளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு பூசணிக்காய்க்கு முத்தம் கொடுக்கும் நிகழ்ச்சி. சித்தூர் முதல் திருப்பதி வரைக்கும் ஜனங்கள் சிரித்துச் சிரித்துத் தாடை கழன்று, எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசைக்கு எதிரிலும் ஒரு டிவி வைத்திருந்தது.

இத்தனை சிரிப்புக்கு நடுவே யாராவது நேரலையில் போன் போட்டுத் தப்பான வார்த்தை பேசிவிட்டால் அதை வெட்டுவது வெங்கடசாமியின் வேலை. அவன் எதிரே ஒரு சிவப்புப் பட்டன். பேச்சு வீடுகளுக்குப் போய்ச்சேரக் கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் அழுத்தினால் பேச்சு அடங்கிக் குயில் கூவும், கூடவே நூறு பேர் சிரிப்பார்கள். ‘பீப்’ என்பது ஆஸ்பத்திரி மெஷின் மாதிரி இருக்கிறது என்று முதலாளி புருஷோத்தமன்தான் குயிலை வைத்தார்.

தப்பான வார்த்தை என்றால் நீங்கள் நினைக்கிற வார்த்தை இல்லை. அப்பன் பாட்டனை இழுக்கிற வசவெல்லாம் தாராளமாகப் போகும்; அது பொழுதுபோக்கு. தண்ணி, பைப்பு, சாக்கடை, டேங்கர் இவைதான் ஆகாதவை. ஏனென்றால் புருஷோத்தமனுக்கு டிவி பொழுதுபோக்கு, மனை விற்பதுதான் பிழைப்பு. புத்தலப்பட்டைத் தாண்டி ரோட்டோரமாக ‘ஆனந்தா நகர்’ என்று லேஅவுட் போட்டு வீட்டுக்கு வீடு குழாய் வைத்துக் கொடுத்திருந்தார். பொங்கலுக்கு மெயின் பைப்பு உடைந்தது. சித்திரை முடிந்தும் அது உடைந்தே கிடந்தது. போய்க் கேட்டவர்களிடம், “கொழா குடுக்கறேன்னுதானே சொன்னேன், தண்ணி குடுக்கறேன்னு எப்ப சொன்னேன்?” என்றார்.

அந்த நகரின் மூன்றாம் தெருவில்தான் வெங்கடசாமியும் வீடு வாங்கியிருந்தான். அவன் பெண்டாட்டி பச்சையம்மாள் ஹைவேயைத் தாண்டி, எதிரே மாந்தோப்புக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். திருப்பதி பஸ்ஸுக்கும் கருங்கல் லாரிக்கும் இடையில் அவள் குடத்தோடு புகுந்து வருகிற வேகத்தைப் பார்த்து டிரைவர்கள் பிரேக் போடுவதற்குப் பதில் சாமி கும்பிட்டார்கள். போன வாரம் ஒரு லாரி அவள் இடுப்புக் குடத்தை மட்டும் தட்டிப் பறித்துக்கொண்டு போயிற்று. குடம் அப்பளமாகிவிட்டது. அவள் அதை எடுத்துவந்து கூடத்தில் மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இன்னாய்யா, உன் மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லமாட்டியா?”

“சொன்னா நாளைக்கே வேற ஆளு பட்டன்ல குந்திக்கினு இருப்பான்.”

“அப்ப நானே டிவிக்குப் போன் போடறேன்.”

“போடு. நான்தான் அழுத்துவேன்.”

“பொண்டாட்டி பேச்சயுமா?”

“உன் பேச்ச அழுத்தறதுக்கு இந்த ஒலகத்துல எனக்கு அந்த ஒரு எடம்தான்மே இருக்குது,” என்று சிரிக்க ஆரம்பித்தவன், அவள் மடியில் இருந்த குடத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அந்த வாரம் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை, அம்மன் திருவிழா. வேஷம் கட்டி வந்தவர் யாரை எப்படித் திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். கோபப்படக்கூடாது. திட்டு கனமாக இருந்தால் அருளும் கனமாக இருக்கும். புருஷோத்தமன் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, கோயில் தெருவில் மேடை கட்டி, திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்துவிட்டார். எல்லாம் ஆனந்தா டிவியில் நேரலை.

“ஏமய்யா வெங்கடசாமி,” என்றார் முன்னாடியே. “வசவு ஒண்ணுகூட வெட்டாத, அம்மன் கோவிச்சுக்கும். நம்ம லிஸ்ட்டு வார்த்த வந்தா மட்டும் குயிலு. அர்த்தமாயிந்தா?”

“ஆச்சுங்க சார்.”

வெங்கடசாமி தெருக்கோடியில் நின்ற வேனுக்குள் பட்டனோடு உட்கார்ந்தான். புடவை கட்டிய ஆம்பளைகள் வரிசையாக வந்து முதலாளியைத் திட்டினார்கள். நிகழ்ச்சி நடத்துகிற ரேஷ்மா ஒவ்வொருவர் வாயிலும் மைக்கை நீட்டினாள். அப்புறம் ஒரு உருவம் வந்தது. முகமெல்லாம் கரி, அதன்மேல் வெள்ளைப் பொட்டு, கழுத்தில் வேப்பிலை, உடம்பில் பேன்ட்டும் ஆனந்தா டிவி டீ-சர்ட்டும். டீ-சர்ட்டின் தோளில் இருந்த குழம்புக் கறையைப் பார்த்ததும் வெங்கடசாமி வேனுக்குள் இருந்த திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனான். அது அவனுடைய டீ-சர்ட்.

“ஏண்டா தொந்தி,” என்று ஆரம்பித்தாள் பச்சையம்மாள். “எங்க பைப்பத் துன்னுட்டு ஏப்பம் வுடறியா? எங்க தண்ணியெல்லாம் எவ ஊட்டுக்கு டேங்கர்ல அனுப்பின? பொங்கல்லேர்ந்து உன் பைப்பு ஒடஞ்சி தொங்குது, அத நிமித்த உனக்குத் துப்பு இருக்குதா?”

வெங்கடசாமி விரலைப் பட்டன்மேல் வைத்தான். அழுத்தினால் அவள் வேஷம் வீண். அழுத்தாவிட்டால் வேலை போய், வீடும் போய், வெறும் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஒரு வார்த்தை விடாமல் அழுத்தினான். ஜில்லா முழுக்கப் போய்ச்சேர்ந்தது இப்படி:

“எங்க கூஊ... துன்னுட்டு ஏப்பம் வுடறியா? எங்க கூஊ... எவ ஊட்டுக்கு கூஊ... அனுப்பின? பொங்கல்லேர்ந்து உன் கூஊ... ஒடஞ்சி தொங்குது, அத நிமித்த உனக்குத் துப்பு இருக்குதா?”

கூவலுக்குக் கூவல் நூறு பேர் சிரித்தார்கள். மேடையில் புருஷோத்தமனுக்குப் பம்பைச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அருள் வருகிறது என்று கையைக் கூப்பிக்கொண்டு பல் தெரியச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்த வெங்கடசாமிக்கு, நசுங்கிய அந்தக் குடத்தின்மேலேயே சோற்றைப் போட்டுக் கொடுத்தாள் பச்சையம்மாள்.

விடிந்ததும் முதலாளி கூப்பிட்டார். அதற்குள் அந்தக் காட்சி காளஹஸ்தி ஆடுமாடு தவிர எல்லாருடைய போனிலும் ஓடி முடிந்திருந்தது.

“வெங்கடசாமி, அந்தக் குயிலுக்குள்ள இன்னாய்யா இருக்குது?”

“தண்ணி சார்.”

“வெளையாடாத.”

“சத்தியமா சார். தண்ணி, பைப்பு, டேங்கரு.”

“என் ஊட்டுல கதவத் தொறக்க மாட்டேங்கறா. எவ ஊட்டுக்குன்னு கேக்கறா. ஒடஞ்சி தொங்கறது இன்னான்னு என் மாமனாரு சத்தியவேட்டுலேர்ந்து கார் எடுத்துக்கினு கெளம்பிட்டாரு. குயில எடுத்துட்டு முழுசாப் போடு. இன்னைக்குப் பூரா போடு.”

ஆனந்தா டிவியில் முதல்முறையாக ‘தண்ணி’ என்ற சொல் வெளியே வந்தது. காலையிலிருந்து மத்தியானம் வரை வந்துகொண்டே இருந்தது. ஒருத்தரும் நம்பவில்லை. டீக்கடைகளில் காறித் துப்பினார்கள். வேறு குரல் வைத்து மூடி மறைக்கிறான் என்றார்கள். தண்ணி என்று சொன்னதற்கா குயில் கூவும், நம்மைக் கேனயன் என்று நினைத்தானா என்றார்கள்.

வந்திறங்கிய மாமனார் ரங்கையாவும் அதையேதான் கேட்டார். “மாப்ள, பைப்புன்னா பைப்புன்னு சொல்லவேண்டியதுதானே? பைப்ப எவனாவது மறைப்பானா?”

புருஷோத்தமனுக்கு வேறு வழியில்லை. மாமனார், சம்சாரம், ரேஷ்மா, கேமரா எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஆனந்தா நகர் மூன்றாம் தெருவுக்கு வந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்.

“பாருங்க மாமா, பைப்பு. ஒடஞ்சிருக்குது பாருங்க. இதுதான் தொங்குது. நல்லாப் பாருங்க, கிட்ட வந்து பாருங்க,” என்று நேரலையில் மன்றாடினார். மனை விற்ற நாளில்கூட அவர் அந்தக் குழாயை அத்தனை பாசமாகக் காட்டியதில்லை. பக்கத்தில் வேனுக்குள் வெங்கடசாமியின் விரல் பழக்கதோஷத்தில் துடித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

ரங்கையா குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஒடஞ்சுதான் இருக்குது, சரி. பொங்கல்லேர்ந்து ஏன் மாட்டல?”

புருஷோத்தமன் பள்ளத்தில் நின்றபடியே பிளம்பரைக் கூப்பிட்டார். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வந்தது. பச்சையம்மாள் அண்டா, குண்டான், டம்ளர், எண்ணெய்க் கரண்டி வரைக்கும் பிடித்து வைத்தாள். மாந்தோப்புக் கிணறு நிம்மதியாக மூச்சு விட்டிருக்கும்.

மறுநாள் அஞ்சாம் தெரு தேன்மொழி வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணா, எங்க தெருவுல சாக்கடை ஊட்டுக்குள்ள வருது. டிவிக்குப் போன் போடலாம்னு இருக்கேன்.”

“தாராளமாப் போடும்மா,” என்றான் வெங்கடசாமி. “இனிமே எதையும் வெட்டவேணாம்னு மொதலாளி சொல்லிட்டாரு. நீ பேசறது அப்பிடியே முழுசாப் போவும்.”

தேன்மொழியின் முகம் தொங்கிப்போயிற்று.

“முழுசாப் போனா எவண்ணா கேப்பான்? ஒரு நாலு எடத்துலயாவது குயிலு வெய்யிண்ணா. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

வெங்கடசாமி உள்ளே திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். ஜாத்திரையிலிருந்து அவனோடு பேசாமலிருந்த பச்சையம்மாள் குடத்தைக் கழுவியபடியே சொன்னாள்:

“நல்ல எடமாப் பாத்து வெய்யி. எனக்கு வெச்ச மாதிரி.”