இருவருக்கு ஒரு பெட்டி

ஸ்கேனர் பெல்ட்டை நிறுத்தியது அவருடைய விரல்தான். மூளைக்குத் தகவல் அப்புறம்தான் போனது.

திரையில் ஒரு பெட்டி. ஆரஞ்சு நிறத்தில் மடிப்பு மடிப்பாகத் துணிமணிகள். நட்டநடுவில், நீல நிறத்தில், தலையில் இரண்டு மணி வைத்த அலாரம் கடிகாரம். பல்சக்கரம், சுருள்வில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. விமான நிலையத்தில் இப்படி ஓர் உருவத்தைப் பார்த்தால் எந்த ஸ்கேனர்காரனுக்கும் கை தானாக பட்டனுக்குப் போகும். ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் 'எக்ஸ்ரே' என்று கூப்பிடும் நம்முடைய ஆள், அதற்குமேலும் ஒன்றைக் கவனித்தார். கடிகாரத்துக்கு ஒரு கால் இல்லை.

அதை ஒடித்தவரே அவர்தான். ஒரு நாள் விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் தட்டிவிட்டது.

அப்படியென்றால் அது அவர் மனைவியின் கடிகாரம். அவர் மனைவியின் பெட்டி. பெட்டியின் ஓரத்தில், உறையோடு, அவருடைய ஷேவிங் மெஷின்.

நெஞ்சு திக்கென்றிருக்க வேண்டும். இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உள்ளே. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

"என்ன சார், பிரிச்சுடலாமா?" என்றாள், பக்கத்து மேஜையில் பெட்டிகளைச் சோதிக்கும் பெண். அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவர் பொய் சொல்லவில்லை.

"பிரி."

மெட்டல் டிடெக்டர் கதவைத் தாண்டி மனைவி வந்தாள். காலில் மெரூன் நிறத்தில் புது ஷூ.

அடுத்த மாதக் கடைசியில் எக்ஸ்ரே ஓய்வு பெறுவதாக ஏற்பாடு. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பருவத்துக்கு ஓர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருப்பது. பிடித்தால் தங்குவது, அலுத்தால் கிளம்புவது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து வரைபடத்தை விரித்தால், சாயங்காலம் வரைக்கும் இருவருக்கும் அதே பேச்சுதான். ஒருமுறை ஒத்திகைகூடப் பார்த்தார்கள். பீரோவைப் பூட்டிவிட்டு, ஆளுக்கொரு பெட்டியில் இருப்பதை மட்டும் வைத்து, சொந்த வீட்டிலேயே ஒரு வாரம் வெளியூர்க்காரர்கள் போல வாழ்வது என்று திட்டம். பனியனுக்காக எக்ஸ்ரே பீரோச் சாவியைத் திருடிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டதை அவள் இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

போன வாரம் மேலதிகாரி கூப்பிட்டு, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறீர்களா என்று கேட்டார். எக்ஸ்ரே தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை.

"கடிகாரத்தைப் பார்த்தா நிறுத்துவீங்கன்னு தெரியும். அதான் நடுவுல வெச்சேன்," என்றாள் மனைவி. "முறை மாறி நீங்க இந்த மெஷினுக்கு வர்ற வரைக்கும், பின்னாடி நின்னவங்களையெல்லாம் முன்னாடி விட்டுட்டு நின்னேன். கால் கடுத்துப் போச்சு."

"என்ன இதெல்லாம்?"

"பயணம். கேள்விப்பட்டதில்லையா?"

வாயாடி, பெட்டிக்குள் விட்ட கையை எடுக்க மறந்து நின்றாள்.

"உங்க மேலதிகாரி வீட்டம்மா கடையில பார்த்துக் கையைப் பிடிச்சு வாழ்த்து சொன்னாங்க. வேலையை ரெண்டு வருஷம் நீட்டிச்சிருக்காங்களாமே. நானும் தெரிஞ்ச மாதிரி பல்லை இளிச்சுட்டு வந்தேன்."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்..."

"சண்டை போட வரலங்க. உங்க பாஸ்போர்ட் என் கைப்பையில இருக்கு. டிக்கெட் ரெண்டு. விமானத்துக் கதவைச் சாத்தற வரைக்கும் என் பக்கத்து சீட்டு உங்களோடது. எழுந்து வர்றீங்களா, இல்லையா?"

"ஏம்மா, குடும்பக் கதையை வீட்டுல பேசக் கூடாதா?" வரிசையில் ஒருவர் கத்தினார். கழற்றிய பெல்ட் ஒரு கையில், நழுவும் பேன்ட் மறு கையில். "எங்களுக்கும் விமானம் இருக்கு!"

"இருங்க அண்ணே, உங்க மானத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க," என்றாள் வாயாடி.

எழுந்திருப்பதை எக்ஸ்ரே நினைத்துப் பார்த்தார். வீட்டுக்குப் போகும்போது பேட்டரி வாங்க வேண்டும் என்று நினைப்பதற்கு என்ன கனமோ, அவ்வளவுதான் கனம் அதற்கும். ஊருக்குப் போகிறவர்களின் பெட்டிகளைக் குடைந்தே ஆயுசு கழிந்திருந்தது. எந்த மூலைக்குப் போகிறவனும் பல் பிரஷ், சார்ஜர், மாத்திரை, அவசரத்தில் சுருட்டிய துணி என்றுதான் எடுத்துக்கொண்டு போனான். அதையேதான் திரும்பவும் கொண்டுவந்தான்.

"எனக்குப் போகணும்னே தோணலை," என்றார். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது.

"எப்போலேருந்து?"

"தெரியல. உன்கூட உட்கார்ந்து பேசறது பிடிச்சிருந்தது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குள் ஏதாவது அசைந்திருக்குமோ என்னவோ.

"அப்பவே சொல்லியிருந்தா, தனியாப் போறதுக்கு அப்பவே பழகியிருப்பேனே," என்றாள். "இப்பப் பாருங்க, இந்த வயசுல ஆரம்பிக்கணும்."

பெட்டியிலிருந்து அவருடைய சட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் ஷேவிங் மெஷின். "நாளைக்குக் காலைல தேடுவீங்க." பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜிப்பை இழுத்தாள். சக்கரங்கள் கடகடவென்று உருண்டன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பட்டனை அமுக்கினார். பெல்ட் நகர்ந்தது. யாருடையதோ லேப்டாப். யாருடையதோ குடை.

"சார்." வாயாடியின் குரல் இறங்கியிருந்தது. "இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. உங்க இடத்துல நான் வேற ஆளை உட்கார வைக்கிறேன். ஓடுங்க. எந்த ஊர் விமானம்? கேட் நம்பரை இப்பவே பார்த்துச் சொல்றேன்."

எக்ஸ்ரே வாயைத் திறந்தார். மனைவி சொன்னது ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தது. ஷூவின் நிறம்கூட ஞாபகம் இருந்தது.

"எந்த ஊருன்னு கேட்கலையே," என்றார்.