நாற்பத்தொன்றாம் பக்கத்து மாமியார்

தையற்காரம்மாவின் மருமகள் வேற்று மொழிக்காரி. அவள் தன் மொழியில் எழுதிய நாவலில் ஒரு மாமியார் வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்து தையற்காரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருமகளிடமே கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. மகனோ, "அப்புறம் படிச்சுச் சொல்றேம்மா" என்று ஒரு வருடமாக நழுவினான்.

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம், நானே படிச்சுக்கறேன்" என்று அகராதி வாங்கிவிட்டாள். சட்டைகளுக்குப் பொத்தான் தைத்த நேரம் போக, பென்சிலோடு உட்கார்ந்தாள். முதல் பக்கத்துக்கே ஒன்பது நாள் பிடித்தது. ஒரு சொல்லுக்கு ஐந்து அர்த்தம் போட்டிருந்தால் எதை எடுப்பது என்று மண்டை காய்ந்தது. ஆனாலும் விடவில்லை.

எட்டு மாதம் கழித்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த மாமியார் செத்துப்போனாள். தையற்காரம்மா பக்கத்தின் ஓரத்தில் 'செத்தாள்' என்று பென்சிலால் எழுதினாள். உடனே மருமகளுக்குப் போன் போட்டாள்.

"அவ நல்லவளாத்தானேடி இருந்தா? எதுக்குக் கொன்னே?"

"யாரை, அத்தை?"

அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். மருமகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஐயோ, அவங்க சாகல அத்தை! அசந்து தூங்குறதையும் நாங்க அப்படித்தான் சொல்லுவோம். மிச்சக் கதைய நானே சொல்லிடட்டுமா?"

"மூச்சு விடக் கூடாது! நானே படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்."

போனை வைத்தவள், ஓரத்தில் எழுதியிருந்த 'செத்தாள்' என்பதை அழித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.